சொந்தப் பக்கம் நடத்தினால் பி.ஆர். வேலை வந்துவிடுமா?

உறையூர் பொண்ணு

விஸ்காம் கடைசி வருஷம் படிக்கிறேன், திருச்சி. மக்கள் தொடர்பு (பி.ஆர்.) பேப்பருக்கு இந்த செமஸ்டர் ப்ராஜெக்டை இரண்டு விதமாகச் செய்யலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். ஒன்று, இன்ஸ்டாவிலோ லிங்க்ட்இன்னிலோ நம் பெயரில் ஒரு பக்கம் தொடங்கி, செமஸ்டர் முழுக்க நடத்தி, நம்மை நாமே ஒரு ‘பிராண்டாக’ வளர்த்துக் காட்டுவது. எத்தனை பேர் பார்த்தார்கள் என்று காட்டும் இன்சைட்ஸ் ஸ்கிரீன்ஷாட்டோடு ரிப்போர்ட் கொடுக்க வேண்டும். இன்னொன்று, ஊரில் உள்ள தனியார் மருத்துவமனையின் பி.ஆர்.ஓ. (மக்கள் தொடர்பு அதிகாரி) அறையில் இன்டர்ன்ஷிப்.

வகுப்பில் முக்கால்வாசிப் பேர் பக்கம்தான் என்று முடிவு செய்துவிட்டார்கள். வீட்டில் இருந்தே செய்யலாம், பின்னாடி காசும் வரும் என்கிறார்கள். அப்பா ‘ஆஸ்பத்திரிக்குப் போ, நாலு மனுஷங்களைப் பார்ப்பே’ என்கிறார். இந்தத் துறையில் இருப்பவர்கள் சொல்லுங்கள், எதில் நிஜமாகவே வேலை படியும்?

ஓய்வில் ஒரு பி.ஆர்.ஓ.

அப்பா சொல்வதுதான் சரி, அம்மா.

நான் ஒரு மருத்துவமனையிலும் பிறகு ஒரு தொழிற்சாலையிலும் இந்த வேலை பார்த்தவன். மக்கள் தொடர்பு என்றால் வெளியே பேசுவது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பாதி வேலை உள்ளேதான். நெடுஞ்சாலையில் பேருந்து கவிழ்ந்து, காயம்பட்டவர்களை வரிசையாகக் கொண்டுவந்து இறக்குகிறார்கள் என்று வையுங்கள். வாசலில் உறவினர்கள். அவர்கள் பின்னாலேயே கேமராக்கள். எத்தனை பேர், யார் யார், எந்த வார்டு என்று ஆளாளுக்குக் கேட்பார்கள். உங்களுக்கே தெரியாது. தெரிந்த டாக்டர் கேஷுவாலிட்டியில் தையல் போட்டுக்கொண்டிருப்பார். நிர்வாக இயக்குநர் போனை எடுக்க மாட்டார். நிர்வாக அதிகாரி ‘போலீஸ் சொல்லட்டும், நாம் ஏன் சொல்ல வேண்டும்’ என்பார்.

இத்தனை பேரிடமும் சரியான தகவலைக் கறந்து, இறந்தவர் வீட்டாருக்குத் தெரிவதற்கு முன் அவர் பெயர் டி.வி.யில் ஓடாமல் பார்த்துக்கொண்டு, மைக் முன்னால் யாரை நிறுத்துவது என்று முடிவு செய்ய வேண்டும். இதில் உங்கள் முகம் எங்கும் வராது. வரவும் கூடாது. அடுத்தவர் பெயரைக் காக்கிற தொழிலைத் தன் பெயரைப் பரப்பியா கற்றுக்கொள்வது?

ரீல்ஸ் ராசா

ஐயா, மரியாதையோடவே மறுக்கிறேன். நீங்க சொன்ன மாதிரி நாள் ஒரு இன்டர்னுக்கு வாய்க்குமா? வாய்ச்சாலும் ‘தள்ளி நில்லும்மா’ன்னுதான் சொல்வாங்க. நான் பார்த்த இன்டர்ன் எல்லாம் பொக்கே வாங்கிட்டு வந்தது, பேனர்ல எழுத்துப்பிழை பார்த்தது, சீஃப் கெஸ்ட்டுக்கு டீ சொன்னது, அவ்வளவுதான்.

சொந்தப் பக்கம் நடத்திப் பாருங்க. உங்க பேச்சைக் கேட்கணும்னு ஒருத்தருக்கும் கடமை கிடையாது. முதல் ரெண்டு செகண்ட்ல நிறுத்தலைன்னா தள்ளிட்டுப் போயிடுவாங்க. எழுதினது எடுபட்டதா இல்லையான்னு சாயங்காலத்துக்குள்ள தெரிஞ்சிடும். தப்பா ஒரு தகவல் போட்டா கமெண்ட்ல வந்து கிழிப்பாங்க, அதுக்குப் பதில் சொல்லணும். இது எல்லாமே பி.ஆர். இல்லையா? பிரஸ் நோட் எழுதி பத்து பத்திரிகைக்கு மெயில் போட்டுட்டு, யார் படிச்சாங்கன்னே தெரியாம இருக்கிறது மட்டும்தான் பி.ஆரா?

உதாரணம் நம்ம ஊர்லயே இருக்கு. ‘தமிழ்நாடு வெதர்மேன்’ பிரதீப் ஜான். வானிலைத் துறை அதிகாரி கிடையாது, வேற வேலைல இருக்கிறவர். 2015 சென்னை மழைல ஜனம் மொத்தமும் அவர் ஃபேஸ்புக் பக்கத்தைத்தான் பார்த்துட்டு இருந்துச்சு. ‘பயப்படாதீங்க, இந்த மேகம் இப்படிப் போகுது’ன்னு வதந்தியை ஒவ்வொண்ணா அடக்கினார். நெருக்கடில மக்கள்கிட்ட பேசறதுக்கு அதைவிட நல்ல பாடம் எந்த பி.ஆர்.ஓ. ரூம்ல கிடைக்கும்?

மருதாணி

சென்னையில் ஒரு ஏஜென்சியில் கிளையண்ட் வேலை பார்க்கிறேன். ராசா, வெதர்மேன் நல்ல உதாரணம். ஆனால் ஒன்றை விட்டுவிட்டீர்கள். அவர் பக்கத்தில் பிராண்ட் மழைதான், அவர் இல்லை. அவர் என்ன சாப்பிட்டார், காலையில் எத்தனை மணிக்கு எழுந்தார் என்று ‘பர்சனல் பிராண்டிங்’ வகுப்புகளில் சொல்லித் தருகிற ரகம் அதில் அநேகமாகக் கிடையாது. மழையைப் பற்றிச் சரியாகச் சொன்னதால் பெயர் வந்தது.

சொந்தக் கணக்கும் நிறுவனத்தின் குரலும் மோதினால் என்ன ஆகும் என்பதற்கு நான் புதிதாக வருபவர்களிடம் எப்போதும் எடுத்துக் காட்டுவது சொமேட்டோ விஷயம். 2021 அக்டோபர். தமிழ்நாட்டு வாடிக்கையாளர் ஒருவருக்கு ஆர்டரில் ஒரு அயிட்டம் வரவில்லை, பணம் திருப்பிக் கேட்கிறார். சாட்டில் இருந்த ஊழியர், இந்தி தேசிய மொழி, எல்லாருக்கும் கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும் என்கிற மாதிரி சொல்லிவிட்டார். ஸ்கிரீன்ஷாட் வெளியே வந்தது, ட்விட்டரில் ஹேஷ்டேக் பறந்தது, கனிமொழி எம்.பி. வரை கருத்துச் சொன்னார்கள்.

மறுநாள் 19ஆம் தேதி நிறுவனம் தமிழிலும் ஆங்கிலத்திலும் மன்னிப்பு அறிக்கை விட்டது. ஊழியரை நீக்கிவிட்டோம், ஆப்பைத் தமிழில் கொண்டுவரும் வேலை நடக்கிறது, கோவையில் தமிழ் கால்சென்டர் அமைத்துக்கொண்டிருக்கிறோம் என்று எல்லாம் அதில் இருந்தது. பாடப்புத்தகத்தில் வைக்கலாம் போன்ற அறிக்கை. அன்றைக்கே நிறுவனர் தீபிந்தர் கோயல் தன் சொந்தக் கணக்கிலிருந்து எழுதினார்: உணவு டெலிவரி நிறுவனத்தின் உதவி மையத்தில் யாரோ அறியாமல் செய்த பிழை தேசியப் பிரச்சினை ஆகிவிட்டது, நாட்டில் சகிப்புத்தன்மை இன்னும் கூட வேண்டும், அந்த ஊழியரைத் திரும்ப வேலைக்கு எடுக்கிறோம் என்று. காலையில் ‘தவறு எங்களுடையது’, பிறகு ‘நீங்கள்தான் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்’. இரண்டில் எது நிறுவனத்தின் நிலை? தமிழில் கேட்ட மன்னிப்புக்கு அப்புறம் என்ன மதிப்பு?

ரீல்ஸ் ராசா

மருதாணி அக்கா, நீங்களே எனக்கு பாயிண்ட் எடுத்துக் கொடுக்கறீங்க.

அந்த ‘பாடப்புத்தக’ அறிக்கை என்ன செஞ்சுது? மாசச் சம்பளத்துக்கு சாட்ல உக்காந்திருந்த ஒரு பொண்ணைத் தூக்கி ஜனங்க முன்னாடி போட்டுட்டு ‘பாருங்க, தண்டிச்சிட்டோம்’னு சொல்லுச்சு. அந்தப் பொண்ணுக்கு அப்படிச் சொல்லக்கூடாதுன்னு யார் சொல்லிக்கொடுத்தாங்க? பயிற்சி கொடுக்காதது கம்பெனி. பழி ஊழியர் தலைல. இதுதான் பழைய பாணி பி.ஆர். அதைத் திருத்தினது அவரோட சொந்தக் கணக்குதான். தமிழ்நாட்டுலயே நிறைய பேர் ‘வேலையை விட்டு எடுத்தது தப்பு’ன்னு அன்னிக்கு சொன்னாங்க.

இன்னொண்ணு. முதலாளி, கலெக்டர், போலீஸ் கமிஷனர், கோயில் தக்கார் வரைக்கும் சொந்தக் கணக்குல பேசற காலம் இது. அதை அடக்க முடியாது. அப்போ சொந்தக் கணக்கு எப்படி வேலை செய்யுதுன்னு உள்ள இருந்து தெரிஞ்சவங்கதானே நாளைக்கு அவங்களுக்கு யோசனை சொல்ல முடியும்?

மருதாணி

திரும்ப எடுத்தது சரியான முடிவு. அதில் எனக்கும் உங்களுக்கும் சண்டை இல்லை. அறிக்கையிலேயே ‘ஊழியருக்குப் பயிற்சி தருகிறோம், அவர் எங்களோடுதான் இருப்பார்’ என்று எழுதியிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். நான் சொல்வது வரிசையைப் பற்றி. ஒரே நாளில் இரண்டு குரல், இரண்டாவதில் வாடிக்கையாளருக்கு ஒரு குட்டு.

அது ஏன் நடந்தது என்று நினைக்கிறீர்கள்? சொந்தக் கணக்கில் எழுதும்போது பக்கத்தில் யாரும் இல்லை. ‘சார், அந்தக் கடைசி வரியை எடுத்துடலாமா’ என்று கேட்க ஆள் இல்லை. எங்கள் வேலையின் பெரும்பகுதி அந்த ஒரு கேள்வியைக் கேட்பதுதான், அதுவும் நம்மைவிடப் பெரிய பதவியில் இருப்பவரிடம், அவர் கோபமாக இருக்கும்போது. தனியாகப் பக்கம் நடத்துகிற பிள்ளைக்கு எழுதுவதும் அவளே, ஓகே சொல்வதும் அவளே. வேண்டாம் என்று சொல்லிப் பழக வழியே இல்லை.

கொங்கு குசும்பன்

கல்யாணத் தரகர் மணமேடைல ஏறி உக்காந்துக்கிட்ட மாதிரிங்க இந்த ப்ராஜெக்ட். பொண்ணு மாப்பிள்ளைக்குப் பொருத்தம் பாருன்னா, தன் ஜாதகத்தை நீட்டறாரு.

மருதாணிங்க்கா, உங்க சொமேட்டோ கதைக்குப் பக்கத்துலயே ஓலாவையும் வெச்சுக்கோங்க. போச்சம்பள்ளி ஃபேக்டரிக்காரங்க. 2024 அக்டோபர்ல காமெடியன் குணால் காம்ரா சர்வீஸ் சென்டர் வாசல்ல தூசி படிஞ்சு நிக்கற ஸ்கூட்டர் போட்டோவைப் போட்டு ஒரு கேள்வி கேட்டாரு. ஓலா முதலாளி பவிஷ் அகர்வால் என்ன சொல்லோணும்? ‘இத்தனை வண்டி பாக்கி, இந்தத் தேதிக்குள்ள முடிக்கறோம்’. என்ன சொன்னாரு? காசு வாங்கிட்டு ட்வீட் போடறே, உன் காமெடி பொழப்பு ஊத்திக்கிச்சு, வாயை மூடிட்டு உக்காருன்னாரு. மறுநாள் திங்கக்கிழமை பங்கு விலை 8 சதவீதத்துக்கு மேல இறங்கிப் போச்சுங்க. கொஞ்ச நாள்ல நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துல இருந்து நோட்டீஸும் வந்துச்சு. எங்க பெரியப்பா பையன் அந்த ஸ்கூட்டர்தான் வெச்சிருக்கான். அவன் ‘போட்டோல இருக்கறது என் வண்டியான்னு பெருசாக்கிப் பார்த்தேன்’கிறான்.

வகுப்பறை ஜன்னல்

இப்படிப்பட்ட ப்ராஜெக்ட் கொடுக்கிற ஆசிரியர் கூட்டத்தில் நானும் ஒருத்தி (வேறு ஊர், வேறு கல்லூரி). எங்கள் பக்கத்தையும் கேளுங்கள்.

அறுபது பிள்ளைகள் உள்ள வகுப்பு. எங்கள் ஊரில் பி.ஆர்.ஓ. என்று பலகை மாட்டிய அறை எத்தனை இருக்கும்? இரண்டு மருத்துவமனை, ஒரு நகைக்கடை, கலெக்டர் அலுவலக வளாகத்தில் செய்தி மக்கள் தொடர்பு அலுவலகம். எல்லாம் சேர்ந்தாலும் பத்துப் பேரைக்கூட எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மீதிப் பேரை என்ன செய்ய? தேர்வுத்தாளில் ‘மக்கள் தொடர்பின் பண்புகள் யாவை’ என்று பத்து மதிப்பெண்ணுக்கு எழுத வைப்பதைவிடப் பக்கம் நடத்துவது மேல்.

அதோடு, அமெரிக்க ஆய்வாளர்கள் க்ரூனிக்கும் ஹன்ட்டும் 1984இல் மக்கள் தொடர்பை நாலு வகையாகப் பிரித்தார்கள். தமுக்கடித்துக் கூட்டம் சேர்ப்பது, தகவலை உள்ளபடி தருவது, மக்களை ஆராய்ந்து தன் பக்கம் இழுப்பது, மக்கள் சொல்வதைக் கேட்டுத் தானும் மாறுவது. பெரும்பாலான சொந்தப் பக்கங்கள் முதல் வகையிலேயே நின்றுவிடும், ஒத்துக்கொள்கிறேன். அதனால்தான் நான் ஃபாலோயர் எண்ணிக்கைக்கு மதிப்பெண் போடுவதில்லை. ‘யார் என்ன சொன்னதால் நீ எதை மாற்றினாய்’ என்று வைவாவில் கேட்கிறேன். பதில் இல்லை என்றால் லட்சம் ஃபாலோயர் இருந்தாலும் பாஸ் மார்க்தான்.

ஐயா சொல்கிற பி.ஆர்.ஓ. அறைக்கு அனுப்பிய என் மாணவர்கள் மாதம் முழுக்கச் செய்தித்தாள் வெட்டி ஒட்டிவிட்டு வந்தார்கள்.

ஓய்வில் ஒரு பி.ஆர்.ஓ.

செய்தித்தாள் வெட்டி ஒட்டுவது சின்ன வேலை என்று யார் சொன்னது, மேடம்? தினமும் எட்டுப் பத்திரிகையை விரித்து வைத்து வெட்டினால்தான் எந்த நிருபர் எதை எழுதுவார், எந்தப் பதிப்பில் ஊர்ச் செய்தி எந்தப் பக்கத்தில் வரும், எத்தனை மணிக்கு மேல் கொடுத்தால் மாவட்டப் பதிப்பில் ஏறாது என்பதெல்லாம் கைக்கு வரும்.

‘பிலிம் நியூஸ்’ ஆனந்தன் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 1958இல் எம்.ஜி.ஆரின் ‘நாடோடி மன்ன’னில் தொடங்கியவர், தமிழ் சினிமாவின் முதல் பி.ஆர்.ஓ. என்று அவரைத்தான் சொல்வார்கள். அவர் பலம் என்ன? ஸ்டில்களையும் படங்களின் விவரங்களையும் ஆண்டு வாரியாகச் சேர்த்து வைத்திருந்தார். எந்தப் படம் எந்த வருஷம், யார் இசை என்று சந்தேகம் வந்தால் பத்திரிகைக்காரர்கள் அவரிடம்தான் கேட்பார்கள். பின்னாளில் தமிழக அரசே அந்தச் சேகரிப்பை வாங்கிக்கொண்டது. நிருபருக்கு உதவியாக இரு, தகவலைச் சரியாக வைத்திரு. மக்கள் தொடர்பு இப்படித்தான் வளர்ந்தது. செல்ஃபி எடுத்து வளரவில்லை.

ரீல்ஸ் ராசா

ஐயா, அவர் பேருக்கு முன்னாடி என்ன இருக்குன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. பிலிம் நியூஸ்! தமிழ்நாட்டோட முதல் பர்சனல் பிராண்டே அவருதான். ஆனந்தன்னு ஆயிரம் பேர் இருக்கலாம், ‘பிலிம் நியூஸ்’ ஆனந்தன் ஒருத்தர்தான். இன்னிக்கு இருந்தா அந்த ஸ்டில்லை எல்லாம் இன்ஸ்டால போட்டு நாட்டையே கலக்கியிருப்பார்.

ஓய்வில் ஒரு பி.ஆர்.ஓ.

அது அவர் தொடர்பு வைத்திருந்த பத்திரிகையின் பெயர், தம்பி. ஊரார் சேர்த்துச் சொன்னது ஒட்டிக்கொண்டது. வேலை முன்னால் வந்தது, பெயர் பின்னால் வந்தது. இந்தப் பெண்ணின் ப்ராஜெக்டில் பெயரை முதலில் செய்யச் சொல்கிறார்கள், வேலை எதுவென்றே முடிவாகவில்லை.

வெதர்மேனைச் சொன்னீர்களே, அவருக்கு முன்பு ரமணன் இருந்தார். நுங்கம்பாக்கம் வானிலை மையத்தின் எஸ்.ஆர். ரமணன், 2016 மார்ச்சில் ஓய்வு பெற்றார். டி.வி.யில் அவர் முகம் வந்தாலே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நாளைக்கு லீவு என்று குதிக்கும். அவரை வைத்து வந்த மீம்களுக்குக் கணக்கே இல்லை. புகழுக்காக அவர் ஒன்றும் செய்யவில்லை. ஒரே நிதானக் குரலில், காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் எங்கே நிலைகொண்டிருக்கிறது, அடுத்த 24 மணி நேரத்தில் எங்கே மழை என்று மட்டும் சொன்னார். தெரியாததைச் சொல்லவில்லை.

மதுரை மல்லி

எல்லாரும் ராசாவோடயும் ஐயாவோடயும் மல்லுக்கட்டுறீங்க, கேட்ட பொண்ணை மறந்துட்டீங்க.

காலேஜ் படிக்கிற பொண்ணு தன் பேர்ல, தன் முகத்தோட ஒரு பப்ளிக் பக்கம் தொறந்தா இன்பாக்ஸ்ல என்ன வரும்னு இங்க இருக்கிற பொம்பளைங்க எல்லாருக்கும் தெரியும். பையன் போடற ரீலுக்கு ‘சூப்பர் ப்ரோ’, அவ போடற ரீலுக்கு வேற மாதிரி. அதைத் தாங்கிக்கிட்டாத்தான் மார்க்குன்னு ஒரு காலேஜ் சொல்லலாமா? வகுப்பறை மேடம், உங்க வைவாவுல இதுக்கு என்ன வழி வச்சிருக்கீங்க?

அடுத்தது காசு. ‘பின்னாடி காசு வரும்’னு பசங்க சொல்றாங்களாம். பார்ட்டர் கொலாப்னு ஒரு பியூட்டி பார்லர்காரங்க ஓசில ஃபேஷியல் பண்ணிட்டு ஸ்டோரி போடச் சொல்வாங்க. அது விளம்பரம். விளம்பரம்னு தெளிவா சொல்லித்தான் போடணும். விளம்பரத் தர கவுன்சில் 2021 ஜூன்லயே விதி கொண்டாந்துருச்சு, மத்திய அரசும் 2023 ஜனவரில வழிகாட்டி வெளியிட்டுருச்சு. ஓசில பொருள், சேவை வாங்கினாலும் கணக்குதான். தப்பா வழிகாட்டற விளம்பரத்துக்கு நுகர்வோர் சட்டத்துல 10 லட்சம் வரைக்கும் அபராதம், திரும்பச் செஞ்சா 50 லட்சம் வரைக்கும். பொண்ணு வயசுக்கு இதெல்லாம் யார் சொல்லித் தர்றா?

பக்கம்தான் நடத்தணும்னா ஏன் தன் பேர்ல நடத்தணும்? தெருவுல ஒரு மகளிர் சுயஉதவிக் குழு இருக்கும், அப்பளம் போடறவங்க. கிளை நூலகம் இருக்கும், வாசகரே வராம. அவங்களுக்கு நடத்தட்டும். அப்போ ‘அக்கா, இதைப் போடலாமா’ன்னு கேட்டுத்தான் போடணும். அந்த அக்கா ‘என் வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சா திட்டுவாரு, போட்டோ வேணாம்’பாங்க. அதுக்கப்புறமும் அப்பளம் விக்கணும். மருதாணி சொன்ன ‘ஓகே சொல்ற ஆளு’ அங்க கிடைச்சிருச்சுல்ல?

வகுப்பறை ஜன்னல்

மல்லி, முகம் காட்டாமல், குரல் மட்டும் வைத்து, எழுத்து மட்டும் வைத்து நடத்தலாம் என்று நான் அனுமதிக்கிறேன். எல்லாக் கல்லூரியிலும் அப்படி இல்லை என்பது உண்மை. குழுவுக்கு, நூலகத்துக்கு நடத்தலாம் என்பது நல்ல யோசனை. ஆனால் ஒரு சிக்கல்: மாணவி செமஸ்டர் முடிந்ததும் போய்விடுவாள், அந்தப் பக்கம் அநாதையாக நிற்கும். அப்பளம் ஆர்டர் கேட்டு வந்த மெசேஜுக்கு யார் பதில் சொல்வது? சொந்தப் பக்கம் என்றால் அவளோடு போகும், வேலை தேடும்போதும் கையில் இருக்கும். பிளேஸ்மென்ட்டுக்கு வருகிறவர்கள் ‘உன் லிங்க்ட்இன் காட்டு’ என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். மருதாணி, நீங்களே சொல்லுங்கள், உங்கள் ஏஜென்சியில் பார்ப்பதில்லையா?

மருதாணி

பார்க்கிறோம். மறைக்கவில்லை. ஃபாலோயர் பார்ப்பதில்லை, எப்படி எழுதுகிறார் என்று பார்ப்போம், அதைவிட, எதை எழுதக்கூடாது என்று தெரிகிறதா என்று பார்ப்போம். போன இன்டர்ன்ஷிப்பில் நடந்த உள்விவகாரத்தைக் கதையாகப் போட்டு லைக் வாங்கியிருந்தால் அந்த ஆளை எடுக்க மாட்டோம். நாளைக்கு எங்கள் கிளையண்ட் கதையும் அங்கே வரும்.

சின்னப் பக்கம்தானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்பதும் நடக்காது. 2013 டிசம்பரில் அமெரிக்காவின் ஐஏசி என்ற இணைய நிறுவனத்தில் மக்கள் தொடர்புக்குத் தலைமை தாங்கிய ஒரு பெண்மணி, லண்டனில் விமானம் ஏறும் முன் ஆப்பிரிக்காவையும் எய்ட்ஸையும் வைத்து ஒரு மட்டமான ஜோக் ட்வீட் போட்டார். அவருக்கு இருந்தது சுமார் 170 ஃபாலோயர்தான். கேப் டவுனுக்கு 11 மணி நேரப் பயணம். இறங்கி போனை ஆன் செய்வதற்குள் உலகமே அவர் எப்போது இறங்குவார் என்று காத்திருந்தது. வேலை போனது. தொழிலே மக்கள் தொடர்பு, அனுபவத்துக்கும் குறைவில்லை. மேலே சொன்ன அதே காரணம்தான், பக்கத்தில் ஆள் இல்லை.

ரீல்ஸ் ராசா

சரிக்கா, பயமுறுத்தியே கொல்றீங்க. எதிர்ப்பக்கம் ஒண்ணு சொல்லிட்டு விடறேன். ஏஜென்சிக்கு மாசாமாசம் நிரந்தரக் கட்டணம் (ரிட்டெய்னர்) கொடுக்கிற கம்பெனி எத்தனை? மீதி இருக்கிற கடை, கிளினிக், டியூஷன் சென்டர் எல்லாம் எங்க போவாங்க? புதுக்கோட்டை சின்ன வீரமங்கலத்துல ஒரு தாத்தாவும் பேரன்களும் வயல்ல அண்டா வெச்சு சமைச்சாங்க, வில்லேஜ் குக்கிங் சேனல். 2021ல ஒரு கோடி சப்ஸ்கிரைபரைத் தாண்டிடுச்சு. பிரஸ் நோட் எழுதியா அங்க போனாங்க? நேரா ஜனங்ககிட்ட பேசத் தெரிஞ்ச ஆளுக்குத்தான் சின்ன ஊர்ல வேலை இருக்கு, அதை ஆஸ்பத்திரி ரூம்ல உக்காந்து கத்துக்க முடியாது.

ஓய்வில் ஒரு பி.ஆர்.ஓ.

அந்தச் சேனலில் தாத்தாவின் பெயர் இல்லை, ஊர்ச் சமையலின் பெயர்தான் இருக்கிறது என்பதைக் கவனித்தீர்களா தம்பி?

ரீல்ஸ் ராசா

கவனிச்சேன் ஐயா. அண்டா பார்க்க மட்டும் ஜனம் வரலை, தாத்தாவைப் பார்க்கவும்தான் வந்துச்சு. அதையும் நீங்க கவனிங்க.

மருதாணி

இருவரும் இப்படியே இரவு முழுக்க ஓட்டுவீர்கள். உறையூர் பொண்ணு, ஒரு பயிற்சி தருகிறேன், இங்கேயே செய்யுங்கள். எங்கள் இன்டர்ன்களுக்கு முதல் வாரம் இப்படித்தான் கொடுப்போம்.

இரவு 9.15. உங்கள் மருத்துவமனையில் கரண்ட் போகிறது. ஜெனரேட்டர் எடுக்கச் சில நிமிஷம் ஆகிறது. ஐ.சி.யு. கருவிகள் பேட்டரியில் ஓடின, யாருக்கும் பாதிப்பு இல்லை. ஒரு லிஃப்ட்டில் நோயாளியோடு வந்த மூன்று பேர் மாட்டி, பிறகு மீட்கப்பட்டார்கள். 10 மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு ஆடியோ சுற்றுகிறது: ‘ஆக்ஸிஜன் நின்னு ரெண்டு பேர் போயிட்டாங்க’. வாசலில் கூட்டம். ஆறு வரிக்குள் அறிக்கை எழுதுங்கள்.

உறையூர் பொண்ணு

முயற்சி செய்கிறேன்:

‘எங்கள் மருத்துவமனை குறித்துச் சில விஷமிகள் சமூக வலைத்தளங்களில் பரப்பிவரும் வதந்திகளை வன்மையாகக் கண்டிக்கிறோம். பல ஆண்டுகளாகத் தரமான சேவையை வழங்கிவரும் எங்கள் மருத்துவமனையில் நோயாளிகளின் பாதுகாப்பே முதன்மையானது. இன்று ஏற்பட்ட சிறு மின்தடையால் எந்தப் பாதிப்பும் இல்லை. பொதுமக்கள் வதந்திகளை நம்ப வேண்டாம்.’

ஓய்வில் ஒரு பி.ஆர்.ஓ.

எழுத்து நன்றாக இருக்கிறது அம்மா, ஆனால் இது மருத்துவமனையைப் பற்றி இருக்கிறது. வாசலில் நிற்பவருக்கு உங்கள் பல ஆண்டு சேவை வேண்டாம், உள்ளே இருக்கிற அவர் அம்மா உயிரோடு இருக்கிறாரா என்று தெரிய வேண்டும். அதை முதல் வரியில் சொல்லுங்கள். ‘விஷமிகள்’ வேண்டாம், அந்த ஆடியோ அனுப்பியவர் நிஜமாகவே பயந்துபோன உறவினராக இருக்கலாம். மணியைப் போடுங்கள். அடுத்த தகவல் எப்போது, யாரிடம் கேட்பது என்று போடுங்கள். ‘சிறு’ என்பதை நீங்கள் சொல்லக் கூடாது. 1906இல் அமெரிக்காவில் ரயில் தண்ணீரில் விழுந்தபோது அந்த ரயில் கம்பெனியின் பி.ஆர். ஆலோசகர் ஐவி லீ என்ன செய்தார்? நடந்ததை எழுதி நிருபர்கள் கையில் கொடுத்தார், அவர்களை இடத்துக்கே அழைத்துப் போனார். கண்டிக்கிறோம் என்று எழுதவில்லை.

ரீல்ஸ் ராசா

ஐயா சொன்னதோட நூத்துக்கு நூறு ஒத்துப்போறேன், எழுதி வெச்சுக்கோங்க. என் பங்கு: லெட்டர்பேட்ல அடிச்சு, ஸ்கேன் பண்ணி, பி.டி.எஃப். அனுப்பினா ஒருத்தனும் தொறக்க மாட்டான். வதந்தி ஆடியோவா வந்திருக்கு, பதிலும் ஆடியோவா, இல்லைன்னா ஐ.சி.யு. டாக்டர் பேசற முப்பது செகண்ட் வீடியோவா போகணும், அதே வாட்ஸ்அப்ல.

ஓய்வில் ஒரு பி.ஆர்.ஓ.

டாக்டர் வீடியோவுக்கு நின்றால் நோயாளியை யார் பார்ப்பது? லெட்டர்பேடில் முத்திரையோடு வந்தால்தான் நிருபர் மேற்கோள் காட்டுவார். வீடியோவைப் பாதியாக வெட்டி வேறு அர்த்தம் வருகிற மாதிரி சுற்ற விடுவார்கள், அப்போது நீங்கள்தான் ஓட வேண்டும்.

ரீல்ஸ் ராசா

லெட்டர்பேடைப் போலியா செய்ய அஞ்சு நிமிஷம் போதும் ஐயா. டாக்டர் முகத்தைச் செய்யறது அவ்வளவு சுலபம் இல்லை, இன்னும் கொஞ்ச நாளைக்கு.

உறையூர் பொண்ணு

லிஃப்ட்டில் மூன்று பேர் மாட்டியதை நாமாகவே சொல்ல வேண்டுமா? ஆடியோவில் அதைப் பற்றி ஒன்றும் இல்லையே.

மதுரை மல்லி

மாட்டினவங்க மூணு பேர் கைலயும் போன் இருக்கும் தாயி.

மருதாணி

சொல்ல வேண்டும். உங்கள் நிர்வாகமும் வக்கீலும் அந்த வரியைத்தான் முதலில் அடிப்பார்கள். அதைக் காப்பாற்ற நீங்கள் என்ன வாதம் வைப்பீர்கள் என்று யோசித்து வையுங்கள். மல்லி சொன்னதே போதுமான வாதம்.

உறையூர் பொண்ணு

சரி, மறுபடி:

‘இன்றிரவு மின்தடையால் நோயாளி யாரும் உயிரிழக்கவில்லை. ஐ.சி.யு.வில் உள்ள அனைவரும் தொடர் சிகிச்சையில் உள்ளனர், கருவிகள் பேட்டரியில் தடையின்றி இயங்கின. லிஃப்ட்டில் சிக்கிய மூவர் பத்திரமாக மீட்கப்பட்டனர், நேர்ந்த சிரமத்துக்கு வருந்துகிறோம். உங்கள் உறவினர் நிலையை அறிய நுழைவாயில் அருகே உள்ள உதவி மேசையில் கேட்கலாம், ஐ.சி.யு. உறவினர்களிடம் மருத்துவரே நேரில் பேசுவார். அடுத்த தகவல் 11.30 மணிக்கு. இரவு 10.40.’

ப்ராஜெக்டுக்கு மருத்துவமனைதான் என்று முடிவு செய்துவிட்டேன். மல்லி அக்கா சொன்ன அப்பளக் குழுவுக்கும் ஒரு பக்கம் தொடங்கலாமா என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்கப் போகிறேன். ராசா அண்ணா, அதற்கு உங்கள் உதவி வேண்டும்.

ரீல்ஸ் ராசா

வந்துட்டேன்மா. முதல்ல அப்பளம் பொரியற சத்தத்தை மட்டும் எடு, மியூசிக் போடாதே.

கொங்கு குசும்பன்

அறிக்கை நல்லா இருக்குதுங்க. ஒண்ணே ஒண்ணு: கடைசில 10.40னு மொட்டையா நிக்குது, அது கரண்ட் போன நேரமா, நீங்க எழுதின நேரமா? கரண்ட் 9.15க்குப் போச்சுன்னு எங்கயும் காணோம். படிக்கறவன் 10.40க்குத்தான் போச்சுன்னு நெனச்சுக்குவான், அப்பறம் அதுக்கு ஒரு ஆடியோ வரும்.